வேதபகுதியிலிருந்து அன்றாடப் பாடம் எடுப்பது: எங்கே தொடங்குவது, எங்கே தவறுகிறது?

சிறுகுழு நடத்துனர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாரம் ஒருமுறை கூடும் ஜெபக்குழுவில் 15 நிமிடம் வேதத்திலிருந்து பேசும் பொறுப்பு. கேட்கிறவர்களில் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டைக் கவனிக்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் உண்டு. எந்தப் பகுதியை எடுத்தாலும் முடிவு "ஜெபியுங்கள், விசுவாசியுங்கள், அன்புகூருங்கள்" என்ற மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. அவை தவறில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்தக் குறிப்பிட்ட பகுதி எதற்கு என்ற கேள்வி நிற்கிறது.

கேட்க விரும்புவது இவைதான். பாடம் எடுப்பதற்கு ஒரு வரிசை முறை உண்டா? பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை என்ன செய்வது? சரித்திரப் பகுதிகளில் எதைப் பின்பற்றச் சொல்லலாம், எதை "அப்படி நடந்தது" என்று விட்டுவிட வேண்டும்? புத்தகப் பட்டியல் வேண்டாம், செய்முறை வேண்டும்.

பெரோயா வாசகன்

சகோதரரே, நீங்கள் கேட்டதற்குள்ளேயே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எடுத்த பாடத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். வேதத்தை மூடிவிட்டு, "இதே வாக்கியத்தை வேறு ஐம்பது இடங்களிலிருந்தும் சொல்லியிருக்கலாமா?" என்று கேளுங்கள். "ஆம்" என்றால் இன்னும் பகுதிக்குள் போகவில்லை, வாசலில்தான் நிற்கிறோம்.

உள்ளே போக முதல் வேலை, எல்லையைப் பார்ப்பது. அதிகாரப் பிரிவுகள் 13-ம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பார்க்கும் வசன எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551-ல் போட்டார். தேடி எடுக்க அவை உதவும், பொருளை வெட்டிக் கொடுக்க அல்ல. 1 கொரிந்தியர் 11:1 உண்மையில் 10-ம் அதிகாரத்தின் கடைசி வரி. பகுதிக்கு மேலே ஒரு பத்தி, கீழே ஒரு பத்தி சேர்த்து வாசிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

அடுத்து, யார் பேசுகிறார், யாரிடம், எந்தக் கேள்விக்குப் பதிலாக? மத்தேயு 18:21-35-ஐ எடுத்துக்கொள்வோம். பேதுரு "எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழுதரமோ?" என்று கேட்டதற்குப் பதிலாகத்தான் உவமை வருகிறது: ராஜா ஒரு வேலைக்காரனின் பெருங்கடனை மன்னிக்கிறார், அவனோ தன் உடன் வேலைக்காரனின் கடனை மன்னிக்க மறுக்கிறான். கேள்வியை விட்டுவிட்டு உவமையை மட்டும் வாசித்தால் பாதிதான் கையில் வரும்.

மூன்றாவதுதான் பெரும்பாலானோர் தாண்டிப் போவது: எண், அளவு, தூரம், பணம். முதல் வேலைக்காரனின் கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2). ஆக 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டு. ஆனால் அவன் என்ன சொல்கிறான்? "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்ப்பேன்" என்கிறான். தன் கடன் எவ்வளவு என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

உடன் வேலைக்காரனின் கடன் 100 தெனாரியம். இதைப் பலர் "சில்லறைக் கடன்" என்று சொல்லிவிடுகிறார்கள். சில்லறை அல்ல. மூன்று மாதத்துக்கு மேலான சம்பளம். யாராவது நம்முடைய மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பித் தராவிட்டால் வலிக்காதா? இயேசு அந்த வலியைச் சிறிதாக்கவில்லை. அது உண்மையான இழப்புதான், ஆனால் மன்னிக்கப்பட்ட தொகைக்கு முன்னால் வைத்துப் பார் என்கிறார். இப்போது பாடம் "மன்னியுங்கள்" என்பது மட்டுமல்ல. "உனக்குச் செய்யப்பட்டது ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு மன்னிக்காதே. எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார், பிறகு விடுதலை செய்." இதை வேறு ஐம்பது இடத்திலிருந்து எடுக்க முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் "நாளை மாலைக்குள் எதைச் செய்யலாம்?" என்ற கேள்வி. அதை முதலில் கேட்டால் பழைய மூன்று பதில்களே வரும்.

தெபொராள்

பெரோயா வாசகன் அண்ணா சொன்னதோடு ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க வேண்டும். மத்தேயு 18:21-க்கு மேலே 15 முதல் 17 வரை இருக்கிறது: தவறு செய்தவனிடம் தனியாகச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போய்ச் சொல், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. அதாவது தவறைத் தவறென்று பெயர் சொல்லும் வழி முதலில், மன்னிப்பின் அளவு பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வீட்டில் அடிவாங்குகிற ஒரு பெண்ணிடம் "எழுபது தரம் ஏழு" என்று மட்டும் சொல்லி அனுப்புவது இந்தப் பகுதியைப் பாதி அறுத்துக் கொடுப்பது. மன்னிப்பது வேறு, ஆபத்துக்குள் திரும்பிப் போவது வேறு. குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் இந்தப் பகுதியை எடுப்பவர்கள் இதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது.

"இரண்டு மூன்று பேர் கூடியிருக்கிற இடத்தில்" என்ற 20-ம் வசனமும் இதே தொடர்ச்சிதான். கூட்டம் குறைந்த நாளில் ஆறுதலுக்குச் சொல்லப்பட்ட வார்த்தையல்ல அது. 16-ம் வசனத்தில் வரும் சாட்சிகளோடு, கடினமான ஒரு விசாரணையில் நிற்கிறவர்களோடு, ஆண்டவர் இருக்கிறார் என்பது.

இனி சட்டங்கள். உபாகமம் 22:8 நல்ல பயிற்சி. புது வீடு கட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். மூன்று கேள்வி கேளுங்கள்.

சட்டம் தானே சொல்லும் காரணம் என்ன? ஒருவர் விழுந்து சாகக் கூடாது.

யார்மேல் பொறுப்பு? விழுந்தவன் மேல் அல்ல, கட்டியவன் மேல். "பார்த்து நடந்திருக்க வேண்டியதுதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

எப்போது? விபத்துக்குப் பிறகல்ல, கட்டும்போதே.

அந்த மூன்று பதிலையும் கையில் வைத்துக்கொண்டு இன்றைய இடத்தைத் தேடுங்கள். மூடாத கிணறு. தேய்ந்த பிரேக்கோடு ஓட்டும் வண்டி. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மாத்திரை. வேலையாளுக்குப் பாதுகாப்புக் கயிறு தராத ஒப்பந்தக்காரர். இவை எல்லாம் நேராக இந்தச் சட்டத்துக்குள் வரும், ஏனென்றால் காரணம் ஒன்றே. ஆனால் "ஜெபம் என்னும் கைப்பிடிச்சுவரை நம் குடும்பத்தைச் சுற்றிக் கட்டுவோம்" என்று பேசினால், கேட்க இனிமையாக இருக்கும், சட்டம் காணாமல் போயிருக்கும். வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர் மொட்டைமாடியில் உடைந்த சுவரைச் சரிசெய்ய மாட்டார்.

இந்த முறை நாமாகக் கண்டுபிடித்ததல்ல. "போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக" என்ற உபாகமம் 25:4-ஐ பவுல் 1 கொரிந்தியர் 9:9-லும் 1 தீமோத்தேயு 5:18-லும் எடுத்து, உழைக்கிறவன் தன் உழைப்பிலிருந்து பங்கு பெற வேண்டும் என்று காட்டுகிறார். மாட்டிலிருந்து மனிதனுக்கு வரும்போது காரணம் மாறவில்லை, அளவு மட்டும் பெரிதாகிறது.

எம்மாவு வழி

ஒரு மறுப்பு. ஆவிக்குரிய அர்த்தம் எடுப்பதை இவ்வளவு சுலபமாகத் தள்ள முடியுமா? கலாத்தியர் 4:24-ல் பவுலே ஆகாரையும் சாராளையும் இரண்டு உடன்படிக்கைகளுக்கு ஞான அர்த்தமாக எடுக்கிறார். ஆதி சபைப் பிதாக்கள் பலரும் அப்படி வாசித்தார்கள். நல்ல சமாரியனில் அகஸ்தீன் கிறிஸ்துவைத்தான் கண்டார்: அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல். அவர் வாசிக்கத் தெரியாதவரா?

பெரோயா வாசகன்

அகஸ்தீனுக்கு வாசிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டோம். பவுல் அங்கே செய்வதைக் கவனியுங்கள். வாக்குத்தத்தத்தினால் வரும் நீதியை 3-ம் அதிகாரம் முழுக்க நேரடியாக நிரூபித்துவிட்டு, அதன்பின் ஆகார், சாராளைக் கொண்டுவருகிறார். ஞான அர்த்தத்தின் மேல் புதிய உபதேசத்தைக் கட்டவில்லை.

சமாரியன் உவமையில் அகஸ்தீனின் விளக்கம் எதை இழக்கிறது என்பதுதான் என் கவலை. லூக்கா 10:29-ல் "எனக்குப் பிறன் யார்?" என்ற கேள்வி. 10:37-ல் "நீயும் போய் அந்தப்படியே செய்." சத்திரக்காரன் பவுல் என்றால், "போய்ச் செய்" என்பதற்கு நான் என்ன செய்வது?

நேரடி வாசிப்பில் செய்ய எவ்வளவு இருக்கிறது பாருங்கள். எண்ணெய், திராட்சரசம், சொந்த வாகனம், இரவு முழுவதும் கவனிப்பு. மறுநாள் இரண்டு தெனாரியம், அதாவது இரண்டு நாள் கூலி. "அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன்" என்று திறந்து வைத்த கணக்கு. பிறகு அவன் தன் பயணத்தைத் தொடர்கிறான்! இதைக் கவனிக்கிறவர்கள் மிகக் குறைவு. அவன் தன் வேலையை விட்டுவிடவில்லை. கவனிக்கத் தகுந்த இடத்தில் ஒப்படைத்து, செலவுக்குப் பொறுப்பேற்று, திரும்பி வருவேன் என்று சொல்லிப் போகிறான். நோயாளிப் பெற்றோரை ஒருவராகவே சுமந்து களைத்துப்போனவர்களுக்கு இந்த வரி பெரிய விடுதலை. உதவி என்பது எல்லாவற்றையும் நானே என் கையால் செய்வது அல்ல.

எம்மாவு வழி

அந்தக் கடைசிக் கருத்து எனக்குப் புதிது. ஏற்கிறேன். ஆனாலும் கிறிஸ்துவை விட்டுவிட்டு "நல்லவனாக இரு" என்று மட்டும் முடிக்கும் பாடம் எனக்குப் போதாது. செய்ய முடியாமல் தவிக்கிறவனுக்கு அது பாரம்.

பெரோயா வாசகன்

முழுவதும் சம்மதம். அதற்கு உவமையின் உறுப்புகளுக்குப் பெயர் சூட்டத் தேவையில்லை. லூக்காவின் சுவிசேஷம் எங்கே போய் முடிகிறது என்று காட்டினால் போதும்.

இரண்டாம் மைல்

சரித்திரப் பகுதிகளைப் பற்றி யாரும் தொடவில்லையே.

வேதத்தில் ஒன்று நடந்தது என்பதற்காக அது கட்டளை ஆகாது. நியாயாதிபதிகள் 6-ல் கிதியோன் கர்த்தரிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டதை எடுத்து, "ஆண்டவரே, இன்று இந்த அழைப்பு வந்தால் உம்முடைய சித்தம்" என்று அடையாளம் கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பகுதியை வாசியுங்கள். 6:14-லும் 6:16-லும் கர்த்தர் ஏற்கெனவே தெளிவாகச் சொல்லிவிட்டார். 6:36-ல் கிதியோனே "நீர் சொன்னபடி" என்கிறான். 6:39-ல் "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று பயந்துகொண்டு கேட்கிறான். சித்தத்தை அறியும் முறையல்ல இது. அறிந்த சித்தத்தைச் செய்யத் தயங்குகிறவனிடம் கர்த்தர் காட்டிய பொறுமை. அந்தப் பொறுமைதான் பாடம்.

தாவீதின் ஐந்து கல்லும் அப்படியே. விசுவாசம், ஜெபம், வசனம், துதி, உபவாசம் என்று ஐந்துக்கும் பெயர் வைக்கிறார்கள். எறிந்தது ஒரே கல். மீதி நாலு எதற்கு என்று கேட்டால் பதில் இருக்காது. 1 சாமுவேல் 17-ல் தாவீதே 45 முதல் 47 வரை காரணத்தைச் சொல்லிவிட்டான். யுத்தம் கர்த்தருடையது என்று சபையெல்லாம் அறிய வேண்டும். 20-ம் வசனத்தில் அவன் ஆடுகளை வேறொரு காவலாளி வசம் விட்டுவிட்டுத்தான் புறப்படுகிறான் என்பதையும் பார்த்துவையுங்கள்.

எப்போது பின்பற்றச் சொல்லலாம்? நான் பார்க்கும் குறிகள்: எழுதியவரே அதைப் பாராட்டுகிறாரா அல்லது கண்டிக்கிறாரா, அதன் விளைவைச் சொல்கிறாரா, வேதத்தின் வேறு இடத்தில் அதே காரியம் நேரடிப் போதனையாக வருகிறதா. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

அப்போஸ்தலர் 6:1-7-ல் இதை வைத்துப் பாருங்கள். கிரேக்கு மொழி பேசும் விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபடுகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர் முறுமுறுப்பைக் கண்டிக்கவில்லை. எல்லாரையும் கூட்டுகிறார்கள். ஏழு பேர், தகுதி மூன்று: நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்! பாதிக்கப்பட்ட தரப்பின் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்க நல்ல ஆதாரம் அது. 7-ம் வசனம் விளைவைச் சொல்கிறது: தேவவசனம் விருத்தியடைந்தது. விதவைகளைப் பற்றிய போதனை 1 தீமோத்தேயு 5-ல் இருக்கிறது. ஆக, குறை சொல்கிறவர்களை அடக்காமல் அவர்களுக்கே பொறுப்பைக் கொடு என்பதைத் தைரியமாகப் போதிக்கலாம். "ஏழு பேர்தான் இருக்க வேண்டும்" என்பதை அல்ல.

யோபு வாசிப்பவள்

அறிவிப்புப் பலகைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் நிற்கும் ஒரு வசனத்தைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" (யோபு 8:7). பேசுகிறவன் பில்தாத், யோபுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களில் ஒருவன். மூன்று வசனம் மேலே, 8:4-ல், "உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதற்குத் தக்கதை அடைந்தார்கள்" என்ற அர்த்தத்தில், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பனிடம் பேசியிருக்கிறான். 42:7-ல் கர்த்தர், இந்த நண்பர்கள் என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து வந்ததைக் கர்த்தருடைய வாக்குத்தத்தம் என்று எப்படிக் கொடுப்பது? "நீ ஒரு காரியத்தை நிருணயம்பண்ணினால் அது நிலைவரப்படும்" என்ற 22:28-ம் அதே கதை. அதைச் சொன்னவன் எலிப்பாஸ், இன்னொரு நண்பன்.

எம்மாவு வழி

சகோதரி, அப்படியானால் 1 கொரிந்தியர் 3:19? ஞானிகளை அவர்களுடைய தந்திரத்திலே பிடிக்கிறார் என்று பவுல் "எழுதியிருக்கிறதே" என்று மேற்கோள் காட்டுவது யோபு 5:13. பேசினவன் எலிப்பாஸ்தான். நண்பர்கள் சொன்னதெல்லாம் பொய் என்றால் பவுல் எப்படி எடுத்தார்?

யோபு வாசிப்பவள்

மிக நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் யாரும் யோபுவை நடத்தக் கூடாது. நண்பர்களின் பொதுவான வாக்கியங்கள் பல, தனியாக எடுத்தால் சரியானவை. தவறு எங்கே என்றால், அவற்றை யோபின் தலைமேல் வைத்ததில். உண்மையான வாக்கியம், தவறான ஆளுக்கு, தவறான நேரத்தில். ஆகவே யோபு 8-லிருந்து எடுக்க வேண்டிய அன்றாடப் பாடம் வாக்குத்தத்தம் அல்ல, எச்சரிக்கை. துக்க வீட்டுக்குப் போகிறவர் 2:13-ஐ எடுத்துப் போகட்டும். அந்த மூவரும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அதுதான்.

சிறிய ஆரம்பத்தைப் பற்றி ஒருவரைத் தைரியப்படுத்த வேண்டுமா, சகரியா 4:10 இருக்கிறது. அது கர்த்தருடைய வாக்கு.

சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் 8:28-ம் துக்க வீட்டில் அவசரமாகப் பறக்கும் வசனம். 29-ஐ வாசிக்காமல் அதைச் சொல்லக் கூடாது. "நன்மை" என்பது அங்கே குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது, இழந்ததற்குப் பதில் வேறொன்று கிடைப்பதல்ல.

இரண்டாம் மைல்

உங்களைக் குறித்த என் நினைவுகள் சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐயும் இதில் சேர்க்கலாம். எழுதப்பட்டது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு. 28-ம் அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி "இரண்டு வருஷத்தில் திரும்பலாம்" என்றான். எரேமியாவின் கடிதம் 70 வருஷம் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்திருக்க முடியாது. அந்த நிலையில் கட்டளை என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் (29:5-7). விரும்பாத வேலையில், விரும்பாத ஊரில், "இது முடியட்டும், அப்புறம் வாழ்வேன்" என்று காத்திருக்கிறவருக்கு இதைவிடக் கூர்மையான பகுதி வேறில்லை. 11-ம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அது அனனியாவின் பிரசங்கமாகிவிடும்.

சிறுகுழு நடத்துனர்

எல்லாருக்கும் நன்றி. அடுத்த வாரம் ஏழை விதவையின் இரண்டு காசு, லூக்கா 21:1-4. "மிச்சத்திலிருந்து கொடுக்காதே, இருப்பதிலிருந்து கொடு" என்று எழுதியிருக்கிறேன். சரியா?

தெபொராள்

அதிகார எண்ணை அழித்துவிட்டு 20:45-லிருந்து வாசியுங்கள். வேதபாரகர் "விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள்" என்று சொல்லி முடித்த உடனே (20:47) ஒரு விதவை வருகிறாள், கையில் இருந்த ஜீவனம் முழுவதையும் போடுகிறாள். அடுத்த வரியில் (21:6) அந்த ஆலயம் கல்லின்மேல் கல் இராதபடி இடிக்கப்படும் என்கிறார். நடுவில் நிற்கும் அந்த விதவை, கொடுத்தலுக்கு மாதிரியா, பட்சிக்கப்பட்ட வீட்டுக்குச் சாட்சியா? "நீயும் போய் அப்படியே செய்" என்று இயேசு இங்கே சொல்லவில்லை.

எம்மாவு வழி

சொல்லவில்லை, ஆனால் "எல்லாரைப்பார்க்கிலும் அதிகமாய்ப் போட்டாள்" என்கிறார். அது பாராட்டு இல்லாமல் வேறென்ன? அவள் காணிக்கையின் அளவைப் பாருங்கள். மாற்கு 12:42-ன்படி இரண்டு காசும் சேர்ந்து ஒரு துட்டு. ஒரு தெனாரியத்தில் 64-ல் ஒரு பங்கு. கணக்குப் பார்க்கிறவன் குறிப்பேட்டில்கூட எழுதமாட்டான். அதை முதலாவதாக வைக்கிறார் ஆண்டவர். அவளை ஏமாந்தவளாக மட்டும் காட்டினால், அவளுடைய செயலை அவளிடமிருந்தே பறிக்கிறோம்.

பெரோயா வாசகன்

இரண்டும் பகுதியில் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். யாரிடம் பேசுகிறோம் என்பது முடிவு செய்யும். கொடுக்கிறவரிடம்: ஆண்டவர் கொடுத்ததை அல்ல, கொடுத்தபின் மிஞ்சியதை வைத்து அளக்கிறார். வாங்குகிற பொறுப்பில் இருப்பவரிடம்: 20:47-ஐ வாசித்துவிட்டுப் பெட்டியைத் திற. இந்தப் பகுதியைச் சொல்லி ஓர் ஏழையிடம் காணிக்கை கேட்பது, பகுதி எதைக் கண்டிக்கிறதோ அதையே செய்வது. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2 கொரிந்தியர் 8:12-ல் பவுல், ஒருவனுக்கு உள்ளதற்குத் தக்கபடியே அங்கீகரிக்கப்படும், இல்லாததற்குத் தக்கபடியல்ல என்கிறார்.

மல்கியா 3:10-க்கும் இதுவே. 3:5-ல் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். தசமபாகத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டு வேலையாளின் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறவர், அதே அதிகாரத்தில் இரண்டாவது இடத்தில் அகப்படுகிறார்.

மௌன வாசிப்பு

கத்தோலிக்க மரபிலிருந்து ஒரு சொல். 12-ம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ விவிலிய வாசிப்பை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் தங்கியிருத்தல். உங்கள் முறையில் முதல் இரண்டும் மிக வலுவாக இருக்கின்றன. ஆனால் எல்லாப் பகுதியும் நாளை மாலைக்குள் ஒரு வேலையாக மாற வேண்டுமா? திருப்பாடல் 88 இருளில் முடிகிறது. அதில் நம்பிக்கை வரி ஒன்றைத் தேடி ஒட்டவைப்பது தவறு. அந்தப் பாடலை உரக்கச் சேர்ந்து வாசிப்பதே போதும். குழுவில் இருளில் இருக்கிற ஒருவருக்குத் தன் வார்த்தைகள் வேதத்திலேயே இருக்கின்றன என்று தெரியும்.

தெபொராள்

மிகச் சரி. நீதிமொழிகளிலும் கவனம் வேண்டும். 26:4 மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் கொடாதே என்கிறது, 26:5 கொடு என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தவர் தெரிந்தே வைத்தார். நீதிமொழி ஒப்பந்தப் பத்திரம் அல்ல. நடக்க வேண்டிய வழியிலே பிள்ளையை நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்ற 22:6-ஐக் காட்டி, வழிதவறிய பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

சிறுகுழு நடத்துனர்

15 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லுங்கள்.

இரண்டாம் மைல்

பகுதியை நிதானமாக உரக்க வாசிக்க 3 நிமிடம். வேறொருவர் வாசித்தால் நல்லது. பின்னணிக்கு 3 நிமிடம், அதற்கு மேல் போகாதீர்கள். சேகரித்த தகவல் பத்து இருந்தால் பாடத்தைத் தாங்கும் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். இங்கேதான் பெரும்பாலும் நேரம் தின்றுபோகிறது. பாடம் 5 நிமிடம், ஒரே பாடம். மீதி 4 நிமிடம் கேள்விக்கும் ஜெபத்துக்கும். "இதிலிருந்து என்ன கற்றோம்?" என்று கேட்காதீர்கள், பழைய மூன்று பதில்கள் திரும்பி வரும். "இதில் யார் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. பாடம் கூட்டத்தில் இல்லாதவர்களைப் பற்றியதாக மாறினால் உடனே நிறுத்துங்கள். "இன்றைய வாலிபர்கள்", "அரசியல்வாதிகள்" என்று ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். மத்தேயு 7:5 முதலில் எடுக்கச் சொல்வது தன் கண்ணிலுள்ள உத்திரத்தை.

சிறுகுழு நடத்துனர்

அதற்கடுத்த வாரத்துக்கு லூக்கா 19:1-10. வரைவு: "வரி வசூலிப்போரின் தலைவனான சகேயு கூட்டத்தைத் தாண்டி மரத்தில் ஏறினதுபோல, நாமும் தடைகளைத் தாண்டி இயேசுவைத் தேட வேண்டும்." திருத்துங்கள்.

தெபொராள்

மரம் 4-ம் வசனத்திலேயே முடிந்துவிட்டது. 10-ம் வசனம் தேடி வந்தவர் மனுஷகுமாரன் என்கிறது, சகேயு அல்ல. உங்கள் வரைவு அதைத் திருப்பிப் போடுகிறது. அழைப்பு முதலில், மாற்றம் பிறகு. 8-ம் வசனம்தான் அன்றாடத்துக்கு வரும் இடம். அதில் இரண்டு வேறு கணக்கு இருக்கிறது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனை திருப்பி. ஒன்று தானம், மற்றது கடன். தானம் கொடுத்துக் கடனை மூடிவிட முடியாது.

லேவியராகமம் 6:5-ன்படி தானே ஒப்புக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும். ஆட்டைத் திருடி விற்றவனுக்குத்தான் நாலத்தனை (யாத்திராகமம் 22:1). சகேயு குறைந்த தொகைக்கு வாய்ப்பு இருந்தும் திருடனுடைய அளவைத் தன்மேல் எடுத்துக்கொள்கிறான். ஆகவே செய்ய வேண்டியது: ஒரு தாளில் இரண்டு பத்தி. நான் கொடுக்க விரும்புவது ஒன்று, நான் திருப்பித் தர வேண்டியது மற்றொன்று. இரண்டாவதை முதலில் தீர்க்க வேண்டும். இரவல் வாங்கிய புத்தகம், தவறாகக் கோரிய படிச் செலவு, குறைத்துக் கொடுத்த கூலி, பங்காளிக்குச் சேர வேண்டிய வாடகை.

சிறுகுழு நடத்துனர்

ஒருவர் நிச்சயம் கேட்பார்: யாருக்குத் தர வேண்டுமோ அவர் இறந்துபோயிருந்தால், அல்லது எங்கே என்றே தெரியாவிட்டால்?

தெபொராள்

எண்ணாகமம் 5:7-8. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி உரியவரிடம் கொடுக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் அவருடைய இனத்தானிடம். வாங்க இனத்தானும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். அதாவது முதலில் ஆளைத் தேடு, பிறகு பிள்ளைகளையோ உறவினரையோ தேடு. யாரும் இல்லை என்று உறுதியான பிறகே காணிக்கைப் பெட்டி, அதுவும் உன் பெயரில் தானமாக எழுதிக்கொள்ளாமல். எந்த நிலையிலும் அந்தப் பணம் எடுத்தவனிடமே தங்குவதற்கு இந்தச் சட்டத்தில் வழி இல்லை.